லயனின் பின்பக்கம்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்ப்பது, திரிபோஷ சத்துமா கிடைத்ததா என்று கேட்பது, பிறந்த பிள்ளையின் தொப்புளைப் பார்ப்பது, இதுதான் என் நாள். எட்டு மாதம் கடந்த தாயிடம் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் வரமாட்டேன்: “மழையில அலையாதீங்க, வீட்டிலேயே இருங்க.”

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது நானும் வீட்டிலேயே இருந்தேன். புயல் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறுவதற்கு முன்பே மலையில் மழை பிடித்துவிட்டது. காற்றைவிட மழைதான் பயமாக இருந்தது. விடாமல், ஒரே கனத்தில் கொட்டியது. முதலில் கரண்ட் போனது, அப்புறம் போனில் சிக்னலும் போனது. என் வீடு வீதியோரம், சமதரையில், கொங்கிரீட் கூரையோடு இருக்கிறது. எனக்கு ஆபத்தில்லை.

மெழுகுதிரி வெளிச்சத்தில் என் கொப்பியை விரித்தேன். அடுத்த ஒரு மாதத்துக்குள் பிள்ளை பிறக்க வேண்டியவர்கள் ஏழு பேர். ஒவ்வொருத்தியின் இரத்த வகை தெரியும், எத்தனையாவது பிள்ளை என்று தெரியும். எந்த லயனுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசை வீட்டுக்கு, பின்னால் மலை எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன், பின்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்சரிவில் லயன்கள் மண்ணுக்குள் போனதை அறிந்தவள் நான். அப்படியிருந்தும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டதும் நடந்தே போனேன். பாதை இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. தோட்டப் பாடசாலையில்தான் அந்தப் பெண்ணைக் கண்டேன். முப்பத்தேழு வாரம், வாங்கில் சாய்ந்திருந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரி வீட்டுலதான் படுத்திருந்தேன் மிஸ்ஸி. மாமிதான் கையப் புடிச்சி இழுத்துட்டு வந்தாங்க.”

மாமியார் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். லயனுக்குப் பின்னால் ஓடும் கானில், அதாவது வடிகாலில், தண்ணீர் கலங்கி வந்ததாம், அப்புறம் அவ்வளவு மழையிலும் திடீரென்று நின்றுபோனதாம். “மேல எங்கயோ மண்ணு அடைச்சிருச்சின்னு நெனச்சேன்” என்றார். பக்கத்துக் காம்பரா வீடுகளையும் தட்டி எழுப்பியிருக்கிறார். விடிவதற்குள் மண் வந்து இரண்டு காம்பராவை மூடிவிட்டது. உள்ளே யாரும் இல்லை.

எனக்குக் கை நடுங்கியது. அன்று இரவு அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால்?

இப்போது முதல் தடவை போகும்போதே லயனைச் சுற்றி வருகிறேன். சுவரில், தரையில் புது வெடிப்பு உண்டா, மரம் சாய்ந்திருக்கிறதா, கானில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறேன். இரவில் வெளியேறினால் எங்கே போவார்கள், யார் தூக்குவார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். நேர்ச்சுவருள்ள பால்மா டின்னை முற்றத்தில் வைத்து, தினமும் காலையில் அளந்துவிட்டுக் கொட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். டின்னில் மூன்று, நான்கு, ஆறு அங்குலம் என்று கோடு போட்டுவிட்டால் சரி. ஆனால் கான் கலங்கினாலோ நின்றாலோ டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். மாதம் நிறைந்தவர்களை மழைக்கு முன்பே வைத்தியசாலைக்கோ பத்திரமான உறவினர் வீட்டுக்கோ அனுப்பப் பார்க்கிறேன்.

அந்தக் குடும்பம் வேறு இடம் கிடைக்காமல், அதே லயனின் மண் விழாத கோடிக் காம்பராவில் இருக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். போன வாரம் எடை பார்க்கப் போனேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாமி பின்பக்கம் போய்க் கானைப் பார்த்துவிட்டு வந்தார், நானும் கூடவே போனேன்.