சிலிண்டர் கணக்கில் கரியமில வாயு

இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு என்ற கணக்கைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். ஒரு முறைகூட அது என் மனத்தில் தங்கியதில்லை. கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிக்க முடியாத ஒன்றை டன்னில் சொன்னால் யாருக்குத்தான் விளங்கும்? இத்தனை மரங்களுக்குச் சமம் என்று சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. வேப்பங்கன்றும் நூறாண்டு ஆலமரமும் ஒரே அளவு கார்பனை இழுத்துக்கொள்வதில்லை. மரம் நட்டால் கணக்கு தீர்ந்தது என்ற தவறான நிம்மதியையும் அந்த ஒப்பீடு தந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அம்மா, சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைப்பார். அந்த வட்டத்திலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது. 14.2 கிலோ எரிவாயு கொண்ட ஒரு சிலிண்டர் தீரும்போது சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியேறியிருக்கும் என்று சொன்னேன். “பதினாலு கிலோ எப்படிப்பா நாப்பத்திரண்டு கிலோ ஆகும்?” என்று அம்மா உடனே கேட்டார். நியாயமான கேள்வி. அந்த எரிவாயுவில் கார்பன் மட்டும் பதினொன்றரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கிறது. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் என்ற விகிதத்தில், 30 கிலோவுக்கும் அதிகமான எடை அடுப்படியில் இருக்கும் காற்றிலிருந்தே வந்து சேர்கிறது. முக்கால் கிலோ எடைகூட இல்லாத ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ கரியமில வாயுவாக மாறுவதும் இப்படித்தான்.

அதன்பின் மற்றவற்றையும் சிலிண்டராலேயே அளந்து பார்த்தோம். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்குப்படி, நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. பெரும்பகுதி நிலக்கரியை எரித்துப் பெறுவதுதான் காரணம். ஆக, 60 யூனிட் என்பது ஏறத்தாழ ஒரு சிலிண்டர். இரவு முழுவதும் ஏசி ஓடினால் 8 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத் தூக்கத்துக்கு ஒரு சிலிண்டர் கரைகிறது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது. அப்படியானால் ஆண்டுக்கு 2,400 யூனிட், அதாவது 40 சிலிண்டர். சமையலுக்கு வாங்குவதோ எட்டுதான். வாரம் 2 லிட்டர் குடிக்கும் ஸ்கூட்டர் ஆண்டுக்கு ஐந்தரைச் சிலிண்டருக்கு மேல் போகிறது. தீயும் புகையும் கண்ணில் படுகிற அடுப்பையும் வண்டியையுமே நான் இதுவரை நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். சுவரில் சத்தமில்லாமல் சுழலும் மீட்டர் அவை இரண்டையும் சேர்த்ததைப் போல் மூன்று மடங்கு என்பது அன்றுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், அதற்காக எரிந்த நிலக்கரியிலிருந்து வந்த சுமார் 70 கிலோ கரியமில வாயு காற்றில் கலந்தே இருக்கிறது.

இந்த மாதம் காலண்டரில் சிலிண்டர் வட்டத்துக்குப் பக்கத்தில், ஞாயிறுதோறும் மீட்டர் எண்ணையும் அம்மாவே எழுதுகிறார். போன வாரம் 52 யூனிட். “இன்னும் எட்டு இருந்தா ஒரு சிலிண்டர்” என்று அவரே சொன்னார்.