பட்டியலில் முதல் பெயர்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் 19 பிள்ளைகள், பாதிக்கு மேல் கடலுக்குப் போகிற வீடு, நாலு பேர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் பட்டியல் கேட்டார்கள், சரி என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம் வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கதை.

அம்மா கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போகிற நாளெல்லாம் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே நிற்கிற பிள்ளைதான் பட்டியலில் முதல் பெயர். நண்டு கிலோ 400 என்றால் முக்கால் கிலோ 300 என்று பட்டென்று சொல்லும். அதையே தாளில் கொடுத்தால் பென்சிலைக் கடிக்கும். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் காலை உணவு வந்த பிறகு முதல் பாடவேளைக்கே வந்துவிடுகிறது, தம்பியையும் இழுத்துக்கொண்டு. அவன் கடைசி வரிசையில் தூங்குகிறான், நான் கண்டுகொள்வதில்லை.