வடிசாலை பேசுகிறதா, பீப்பாய் பேசுகிறதா?

சுயேச்சை நிறுவனங்கள் பாட்டிலில் அடைத்து விற்கும் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கிகளை, அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த ஸ்காட்லாந்து விஸ்கிகளை, எடைபோடும்போது நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, கிளாஸில் எனக்குத் தெரிவது விஸ்கியை வடித்த வடிசாலையா அல்லது அது உறங்கிக் கிடந்த மரப்பீப்பாயா என்பதுதான். வடிசாலைகள் தம் பெயரில் தாமே வெளியிடும் விஸ்கியில் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டு, ஆண்டுக்காண்டு மாறாத ஒரே சுவைக்குக் கொண்டுவரப்படுகின்றன. சுயேச்சை பாட்டிலரோ, பெரும்பாலும் ஒரே ஒரு பீப்பாயை எடுத்து, நிறமூட்டாமல், தண்ணீர் சேர்க்காமல், அதிலிருந்து வருவதை அப்படியே நம்மிடம் தருகிறார். அந்த நேர்மைக்காகத்தான் இவ்வகை விஸ்கியின் மீது எனக்கு இத்தனை பற்று. ஆனால் அண்மைக் காலத்தில் கருப்பட்டிப் பாகின் நிறத்தில், ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் ஊறி, முதல்முறையாக விஸ்கி நிரப்பிய பீப்பாயின் உலர்பழ வாசனையோடு வருபவைதான் மேலானவை என்ற எண்ணம் வாங்குவோரிடையே வேரூன்றிவிட்டது; வைக்கோல் நிறத்தில் வெளிறியிருக்கும் பாட்டில்கள் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. இந்தப் போக்கு சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

இந்த வணிகம் எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் மால்ட் வடிசாலைகளில் பெரும்பாலானவை பல வடிசாலைகளின் சரக்கைச் சேர்த்துச் செய்யும் கலப்பு விஸ்கிகளுக்குச் சரக்கு அளிப்பதற்காகவே கட்டப்பட்டவை. எனவே பீப்பாய்கள் கலப்பு நிறுவனங்களுக்கிடையிலும் தரகர்களிடமும் கைமாறிக்கொண்டே இருந்தன. 1842-இல் அபர்டீனில் தொடங்கி இன்று கேம்பல்டவுனில் ஸ்ப்ரிங்பேங்க் வடிசாலையின் உரிமையாளர்கள் வசமிருக்கும் கேடன்ஹெட், 1895-இல் எல்கின் நகரில் மளிகைக் கடையாகத் தொடங்கிய கோர்டன் அண்ட் மெக்ஃபெயில், 1988-இல் தொடங்கிய சிக்னடோரி ஆகியவை இத்துறையின் முதன்மைப் பெயர்கள். சிங்கிள் மால்ட் என்ற சொல்லே பொதுமக்களுக்குப் பழக்கமில்லாத 1968-இல் கோர்டன் அண்ட் மெக்ஃபெயில் கானஷூர்ஸ் சாய்ஸ் வரிசையைக் கொண்டுவந்ததால்தான், கலப்பு விஸ்கிக்குள் பெயரில்லாமல் கரைந்துபோயிருக்கக்கூடிய பல வடிசாலைகளின் தனிச்சுவை வெளியே தெரிந்தது. 1983-இல் மூடப்பட்ட போர்ட் எலன், ப்ரோரா, செயின்ட் மக்டலீன் போன்ற வடிசாலைகளின் புகழிலும் சுயேச்சை பாட்டிலர்களின் பங்கு பெரிது.

மதிப்பீடு மூடியைத் திறப்பதற்கு முன்பே, லேபிளைப் படிப்பதில் தொடங்குகிறது. நல்ல பாட்டிலர் வடித்த நாள், பாட்டிலில் அடைத்த நாள், பீப்பாயின் எண், வகை, கிடைத்த பாட்டில்களின் எண்ணிக்கை, ஆல்கஹால் அளவு ஆகிய அனைத்தையும் அச்சிடுகிறார். இவற்றைத் தனித்தனியாகப் படிப்பதைவிட ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். ஹாக்ஸ்ஹெட் எனப்படும் பீப்பாய் ஏறக்குறைய 250 லிட்டர் கொள்ளும். ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கிடங்குகளில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அந்தக் கணக்கின்படி 20 ஆண்டுகள் கழித்து 167 லிட்டர் அளவுக்கு எஞ்சும். 70 சென்டிலிட்டர் பாட்டிலில் அடைத்தால் 240-ஐ ஒட்டி வரும். பன்னிரண்டு வயது ஹாக்ஸ்ஹெட்டிலிருந்து நூற்றுச் சொச்சம் பாட்டில்களே வந்ததாக லேபிள் சொன்னால், அந்தப் பீப்பாய் இருவருக்குப் பங்கிடப்பட்டிருக்கலாம், அல்லது அதில் ஒரு பகுதி வேறு சிறு பீப்பாய்க்கு மாற்றப்பட்டிருக்கலாம். இரண்டுமே குற்றமல்ல, ஆனால் இரண்டாவதாக இருந்தால் நாம் சுவைப்பது எந்த மரத்தை என்பதை அறிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு.

ஆல்கஹால் அளவும் இதைப் போலவே பேசும். பெரும்பாலான வடிசாலைகள் புதுச் சாராயத்தை 63.5 சதவீதத்துக்குக் குறைத்துத்தான் பீப்பாயில் ஏற்றுகின்றன. அங்குள்ள ஈரமான காலநிலையில் அளவோடு வீரியமும் ஆண்டுதோறும் மெல்லக் குறையும். பத்து வயதில் 58 அல்லது 59 சதவீதம் இருப்பது இயல்பு. சட்டப்படி 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதை ஸ்காட்ச் விஸ்கி என்று விற்கவே முடியாது. அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கும் பீப்பாயை அவசரமாகக் காலி செய்வதும் உண்டு. ஆகவே 30 வயது, 41 சதவீதம் என்று ஒரு லேபிளில் கண்டால், அது பக்குவம் வந்ததால் அடைக்கப்பட்டதா, வேறு வழியின்றி அடைக்கப்பட்டதா என்ற ஐயத்தோடுதான் கிளாஸைக் கையில் எடுக்கிறேன். சில சமயம் அத்தகைய விஸ்கியே மென்மையின் உச்சமாக இருந்து என் ஐயத்தைப் போக்கிவிடுவதும் உண்டு.

இப்போது ஒரு விஸ்கியை அருகிலிருந்து பார்ப்போம். என் மேசையில் இருப்பது ஐலா தீவின் கலீலா வடிசாலையில் வடித்து, ரீஃபில் ஹாக்ஸ்ஹெட்டில், அதாவது ஏற்கெனவே விஸ்கி ஊறி மரத்தின் வேகம் அடங்கிய பீப்பாயில், பத்தாண்டுகளைக் கடந்து, பீப்பாயின் வீரியம் குறையாமல் அடைக்கப்பட்ட ஒன்று. ஜூரா தீவை எதிரே பார்த்தபடி கடற்கரையில் நிற்கும் அந்த வடிசாலை 1846-இல் தொடங்கப்பட்டு, 1970-களின் தொடக்கத்தில் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டது. ஐலாவிலேயே மிகுதியாக உற்பத்தி செய்வது அதுதான். அதன் சரக்கில் பெரும்பங்கு ஜானி வாக்கர் போன்ற கலப்புகளுக்குப் போகிறது. 2002-இல் உரிமையாளர்களே முறையான வரிசை ஒன்றைக் கொண்டுவரும்வரை, கலீலாவின் பெயரை விரும்பிகளிடையே உயிரோடு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சுயேச்சை பாட்டிலர்களே.

நிறம் வைக்கோலைவிட வெளிறியது. கிளாஸைச் சற்றுத் தள்ளிப் பிடித்து முகர்ந்தால் முதலில் வருவது புகையன்று. எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதும் விரலில் ஒட்டும் எண்ணெயின் வாசனை. அதன் பின்னர்தான், முந்தைய நாள் இரவு அணைந்த விறகடுப்பில் காலையில் கிளம்பும் சாம்பல் வாசனையைப் போல, அடங்கிய புகை எழுகிறது. மூக்கை நெருக்கினால் ஆல்கஹால் சுடும். அப்போது வாயைச் சிறிது திறந்துகொண்டு முகர்ந்தால் சூடு தணிந்து, ஈரக் கல்லின் நெடியும், மருத்துவமனைக் கிருமிநாசினியின் சாயலும், மிகப் பின்னால் பச்சைப் பேரிக்காயும் தெரிகின்றன. நாக்கில் அதற்கு ஒரு வழவழப்பு உண்டு. எண்ணெய் தடவியது போன்ற அந்தப் பரப்பின் மேல் இனிப்பும் உப்பும் ஒருசேர நகர்கின்றன. விழுங்கிய பின் நெடுநேரம் தங்குவது கரித்தூளும் எலுமிச்சையின் கசப்பும். வனிலாவும் தேங்காயும் ஏறக்குறைய இல்லவே இல்லை. போர்பன் விஸ்கி ஊறிய அமெரிக்க ஓக் பீப்பாய் முதல்முறை நிரப்பப்படும்போது தாராளமாகத் தருவது அந்த இரண்டு வாசனைகளையும்தான். இங்கே மரம் ஒதுங்கி நின்று காற்றையும் காலத்தையும் மட்டும் உள்ளே விட்டிருக்கிறது.

அந்த உப்புச் சுவைக்குக் கடற்காற்று பீப்பாய்க்குள் புகுவதே காரணம் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கலீலாவின் புதுச் சாராயத்தில் பெரும்பகுதி டேங்கர்களில் ஏற்றப்பட்டுப் பெருநிலத்துக்குச் சென்று அங்குள்ள கிடங்குகளில்தான் முதிர்கிறது என்பதைக் கருதினால், அந்த விளக்கத்தை ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கலீலாவுக்கும் அதே தீவின் லாகவூலின் வடிசாலைக்கும், பீட் எனப்படும் சதுப்புநிலக் கரியால் புகையூட்டிய மால்ட் (முளைகட்டிய பார்லி) வருவது ஒரே போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்துதான்; இது மேலே சொன்ன வடிசாலையின் பெயரையே கொண்ட தனி ஆலை. இருந்தும் லாகவூலின் கனமாகவும் கலீலா கூர்மையாகவும் இருப்பது, வடிகலன்களின் அளவும் வடிவமும் அவற்றை நிரப்பி ஓட்டும் முறையும் வேறுபடுவதால். கருத்த ஷெர்ரி பீப்பாயில் இந்த வேறுபாடு பெருமளவு புதைந்துவிடுகிறது. சோர்ந்த ரீஃபில் பீப்பாயில்தான் அது பளிச்சென்று தெரிகிறது.

தண்ணீர் சேர்ப்பது பற்றி விடாப்பிடியான கருத்துகள் உலவுகின்றன. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் கணினி உருவகத்தின் மூலம், புகைவாசனைக்குக் காரணமான குவாயகோல் என்ற சேர்மம், ஆல்கஹால் அளவு 45 சதவீதம் வரையிலான கலவையில் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது என்றும், அதைவிட வீரியம் கூடும்போது உள்ளே அமுங்கிவிடுகிறது என்றும் காட்டினார்கள். கலீலா போன்ற புகை விஸ்கியில் என் அனுபவமும் இதற்கு ஒத்தே வருகிறது. எனினும் எடுத்த எடுப்பில் தண்ணீர் விடுவதில்லை. முதலில் அப்படியே முகர்ந்து, ஒரு மடக்கு குடித்து, மனத்தில் குறித்துக்கொண்ட பிறகு, சிறு கரண்டியால் சில துளிகள் விட்டு ஐந்து நிமிடமாவது காத்திருக்கிறேன். தண்ணீர் பட்டதும் விஸ்கி லேசாக மங்கினால் மகிழ்ச்சியே. குளிரவைத்து வடிகட்டி நீக்கப்படும் கொழுப்பு அமிலங்களும் எஸ்டர்களும் இதில் எஞ்சியிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். தண்ணீருக்குப் பின்னும் கலையாமல் நிற்கும் விஸ்கிக்கு நான் கூடுதல் மதிப்பு தருகிறேன். வீரியத்தால் மட்டுமே கவர்ந்தவை இந்த இடத்தில் தளர்ந்துபோகும்.

ஷெர்ரி பீப்பாய்களை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. மார்ட்லாக் போன்ற வடிசாலை, புழுக்குழாய் என்று அழைக்கப்படும் பழைய வகைக் குளிர்விப்பானைப் பயன்படுத்தி, இறைச்சிச் சாற்றின் தன்மை கொண்ட கனமான சாராயத்தை வடிக்கிறது. அதற்கு ஷெர்ரி மரத்தின் எடையைத் தாங்கும் முதுகெலும்பு உண்டு. நல்ல மார்ட்லாக்கில் உலர்திராட்சையும் தோலும் கிராம்பும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்பதைச் சுவைத்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் லிங்க்வுட் வடிசாலையின் சாராயம் மலர்களும் பச்சை ஆப்பிளுமாக மெல்லியது. அதைக் கடைசி ஓரிரு ஆண்டுகளுக்குப் ஓலோரோசோ என்ற ஷெர்ரி வகை ஊறிய புத்தம்புதிய பீப்பாயில் மாற்றி ஊறவைத்துக் கருப்பாக்கி விற்கும்போது, அதே பீப்பாயில் வேறு எந்த வடிசாலையின் சரக்கை ஊற்றியிருந்தாலும் ஏறக்குறைய இதே சுவைதானே வந்திருக்கும் என்று வருந்துகிறேன். லேபிளில் லிங்க்வுட்டின் பெயர் இருந்து, கிளாஸில் லிங்க்வுட் இல்லையென்றால், சுவை எத்தனை இனிதாக இருந்தாலும் என் மதிப்பெண் குறையும்.

பெயரே இல்லாமல் வருபவை தனி வகை. கிளென்ஃபார்க்ளஸ் போன்ற சில உரிமையாளர்கள் தம் பெயரைப் பிறர் பயன்படுத்தப் பொதுவாக இசைவதில்லை. ஆகவே வடிசாலையின் பெயருக்குப் பதிலாக அது இருக்கும் பகுதியை மட்டும் சொல்லி, சீக்ரெட் ஸ்பேசைட், சீக்ரெட் ஆர்க்னி என்ற பெயர்களில் பாட்டில்கள் வருகின்றன. பால்வெனி வடிசாலையின் பீப்பாயில் கிளென்ஃபிடிக் என்ற மற்றொரு வடிசாலையின் விஸ்கியைச் சிறிதளவு சேர்த்துவிடுவதன் மூலம் அதைச் சட்டப்படி சிங்கிள் மால்ட் அல்லாததாக்கி, பர்ன்சைட் என்ற பெயரில் வெளியே விடுவதும் உண்டு. 1983-இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி, எல்லா வடிசாலைகளையும் எண்களாகவே குறிப்பிடுகிறது. கலீலாவின் எண் 53. இந்தப் பெயர் மறைப்பு மதிப்பிடுவோருக்கு நன்மையே செய்கிறது. புகழின் நிழல் விழாத இடத்தில் மூக்கும் நாக்கும் தம் வேலையைச் செய்கின்றன. விலை உயர்ந்த ஒரு பாட்டிலைப் பற்றி எழுதுவதற்கு முன், அதையும் வேறு இரண்டையும் யாரேனும் ஒருவர் பெயர் தெரியாமல் ஊற்றித் தரச் சொல்லிச் சுவைத்துப் பார்ப்பதை நான் கட்டாயமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

மதிப்பெண் தரும்போது நூற்றுக்கு இத்தனை என்ற வழக்கத்தையே நானும் பின்பற்றுகிறேன். என்றாலும் கலீலாவைக் கலீலாக்களோடும் லிங்க்வுட்டை லிங்க்வுட்களோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரே வடிசாலையின், ஏறக்குறைய ஒரே வயதுடைய, வெவ்வேறு பாட்டிலர்கள் தேர்ந்தெடுத்த மூன்று பீப்பாய்களை அடுத்தடுத்து வைக்கும்போதுதான் பாட்டிலரின் ரசனையும் தெரியவரும். எந்தப் பீப்பாயை எடுப்பது, எந்த ஆண்டில் நிறுத்துவது என்ற இரு முடிவுகளே அவருடைய கலை.

அந்தக் கலையின் ஒரு பெரும் கிளை இப்போது அடைபடுகிறது. கோர்டன் அண்ட் மெக்ஃபெயில் ஆயத்தமான பீப்பாய்களை வாங்குவதோடு நிற்காமல், தம்முடைய பீப்பாய்களைப் பல வடிசாலைகளுக்கு அனுப்பி, புதுச் சாராயத்தை அவற்றில் நிரப்பி, தலைமுறைகளாகக் காத்திருந்த நிறுவனம். 1940-இல் நிரப்பிய கிளென்லிவெட்டை 80 வயதில் 2021-இல் வெளியிட்டவர்கள் அவர்கள். பென்ரோமாக், தி கெய்ர்ன் ஆகிய சொந்த வடிசாலைகளில் கவனம் செலுத்துவதற்காக, 2024 முதல் பிறர் வடிசாலைகளின் சாராயத்தைப் பீப்பாயில் நிரப்புவதை நிறுத்துவதாக 2023-இல் அறிவித்தார்கள். கையிருப்பு இன்னும் பல பத்தாண்டுகளுக்கு வந்துகொண்டிருக்கும் என்றாலும், மரத்தைத் தாமே தேர்ந்து முதல்நாளிலிருந்து ஒரு பீப்பாயின் போக்கைத் தீர்மானிக்கும் சுயேச்சை பாட்டிலர்களில் முதன்மையானவர் விலகிக்கொள்கிறார் என்பது எனக்குப் பெரும் வருத்தம். முதிர்ந்த பழைய பீப்பாய்களின் விலை சாதாரணக் குடிமகனின் கைக்கு எட்டாமல் போய்விட்ட இந்நாளில், புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான, ரீஃபில் ஹாக்ஸ்ஹெட்டில் முதிர்ந்த, நிறமூட்டாத கலீலாவையோ லிங்க்வுட்டையோதான். இரண்டும் இன்னும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. அந்த வெளிறிய பாட்டில்களைத் தேடிச் செல்வோர் இப்போதைக்குக் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.