முதலாளி என்று சொன்னவர் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை

ஏப்ரல் 2-ஆம் தேதி மதியம், கோயம்புத்தூர் கணபதியில் அட்டைப் பெட்டி யூனிட் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கு ஒரு செக், அதோடு செக் திரும்பியது என்று பேங்க் கொடுத்த ரிட்டர்ன் மெமோ. மெமோவில் தேதி மார்ச் 14. சீனியர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 19 நாள் ஓடிப்போயிருந்தது. சித்திரை ஒன்றுக்கு முந்தின நாளோடு கெடு முடிகிறது.

"இத்தனை நாள் என்னங்ண்ணா பண்ணீங்க?"

"நாளைக்குத் தர்றேன், நாளைக்குத் தர்றேன்னே ஓட்டிட்டாருங்க வக்கீலம்மா."

பாக்கி வைத்திருப்பது ஒரு சிப்ஸ், முறுக்கு கம்பெனி. ஆறு வருஷப் பழக்கமாம். பேசினதும், ஆர்டர் கொடுத்ததும், செக்கில் கையெழுத்துப் போட்டதும் ஒரே ஆள். "முதலாளின்னா அவருதானுங்க. அவரு பேருக்கு நோட்டீஸ் போட்டுருங்க" என்றார். செக்கில் கையெழுத்துக்கு மேலே பிரைவேட் லிமிடெட் என்று முத்திரை இருந்தது. ஆக, செக் கொடுத்தது கம்பெனி. கம்பெனியை எதிரியாகச் சேர்க்காமல் ஆளை மட்டும் இழுத்தால் வழக்கு நிற்காது என்று அனிதா ஹாடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. அதனால் முதல் வேலை, அந்தக் கம்பெனியின் சரியான பேரைக் கண்டுபிடிப்பது.

இங்கேதான் நான் சறுக்கினேன். முத்திரை பாதி அழிந்திருந்தது. பில்லில் இருந்தது கடைப் பேர் மட்டும். பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் முழுப் பேர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் என்கிற கம்பெனி அடையாள எண் எல்லாம் அச்சிட வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இருக்கிறது. சின்னக் கம்பெனிகளில் யார் பார்க்கிறார்கள்? கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பேரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்ததைப் பிடித்து, 100 ரூபாய் கட்டி, ஆவணங்களையெல்லாம் இறக்கி, ராத்திரி வரை உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன்.

காலையில் சீனியர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "இது மெட்ராஸ் கம்பெனிம்மா."

சிஐஎன் என்பது 21 எழுத்து, எண்கள் கொண்ட அடையாளம். முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, யு என்றால் பட்டியலிடாதது. அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகை. அப்புறம் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, ஆரம்பித்த வருஷம், கம்பெனி வகைக்கு மூன்று எழுத்து, கடைசியில் பதிவு எண். தமிழ்நாட்டில் பதிவாளர் அலுவலகம் இரண்டு: சென்னையில் பதிவானால் டிஎன், கோயம்புத்தூரில் பதிவானால் டிஇசட். நான் எடுத்து வைத்திருந்ததில் டிஎன் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டும் தின்பண்டக் கம்பெனி. பேரில் ஒரு சொல்தான் வித்தியாசம். எங்கள் கட்சிக்காரருக்கு, அதாவது செக் கொண்டுவந்தவருக்கு, பாக்கி வைத்த கம்பெனி காந்திபுரத்தைத் தாண்டியதே இல்லை.

சரி, வேறு வழியில் போனேன். முதலிலேயே அப்படித்தான் போயிருக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் அந்த 15 இலக்கத்தைப் போட்டால், காசில்லாமல், சட்டப்படியான பேர், கடைப் பேர், பதிவு நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன் தாக்கல் ஆகிறதா எல்லாம் வந்துவிடும். அந்த எண்ணுக்கு உள்ளேயே மூன்றாவது இடத்திலிருந்து பத்து இலக்கம் பான் எண்தான். பானின் நாலாவது எழுத்து சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் பார்ட்னர்ஷிப், பி என்றால் தனி ஆள். போன வருஷம் ஒரு கேசில், போர்டில் 'அண்டு கோ' என்று பெரிதாகப் போட்டிருந்த கடையை பார்ட்னர்ஷிப் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த நாலாவது எழுத்து பி. பார்ட்னரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஆளின் புரொப்ரைட்டர் கடை.

இந்தக் கேசில் சி. சட்டப்படியான பேரை ஒரு எழுத்து மாறாமல் எடுத்து மறுபடி தேடினேன். டிஇசட் வந்தது. இன்னொரு 100 ரூபாய்.

பதிவேட்டில் டைரக்டர்கள் இரண்டு பேர். கட்சிக்காரர் சொன்ன 'முதலாளி' அதில் இல்லை. பேர்களைப் படித்துக் காட்டினேன். "இந்தப் பையன் அவரு மச்சினனுங்க, பெங்களூர்ல சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கான். இன்னொருத்தர்..." என்று யோசித்து, "ஏனுங்க, இவரு குடோன் சூப்பர்வைசருங்க!" என்றார். லோடு இறக்கும்போது ரசீதில் கையெழுத்துப் போடும் ஆள்.

சூப்பர்வைசர் எப்படி டைரக்டர் ஆனார் என்று பார்க்க, டிஐஆர்-12 படிவத்தைத் திறந்தேன். டைரக்டர் வந்தாலும் போனாலும் 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டிய படிவம் அது. முதலாளியின் மனைவி ராஜினாமா, அந்த இடத்தில் சூப்பர்வைசர் நியமனம். ராஜினாமா தேதி மார்ச் 1. செக்கின் தேதி மார்ச் 10. ஆஹா, அம்மணி தப்பித்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே படிவத்தின் தாக்கல் ரசீதைப் பார்த்தேன். படிவம் தாக்கலான நாள் மார்ச் 20. செக் திரும்பி ஆறு நாள் கழித்து.

30 நாளுக்குள்தான் தாக்கல் செய்திருக்கிறார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. உண்மையிலேயே அவர் ஒன்றாம் தேதியே விலகியிருக்கலாம். ஆனால் ஆவணத்துக்குள் எழுதிய தேதியையும் ஆவணம் வெளியே வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. நோட்டீசில் அவரையும் சேர்த்து, இரண்டு தேதியையும் அப்படியே எழுதினோம். வேறு எந்தக் குற்றச்சாட்டும் வைக்கவில்லை.

மற்ற காகிதங்களில் ரொம்ப நேரம் போகவில்லை. செலுத்திய மூலதனம் ஒரு லட்சம். பேலன்ஸ் ஷீட் இரண்டு வருஷமாகத் தாக்கல் இல்லை. சரக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாம் ஒரு பேங்குக்கு ஈடு என்று சிஎச்ஜி-1 படிவம் இருந்தது. தீர்ந்ததாக சிஎச்ஜி-4 வரவே இல்லை. சிவில் கோர்ட்டில் பணத்துக்கு வழக்குப் போட்டு டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கினாலும், ஜப்தி செய்யப் போகும்போது பேங்க் முன்னால் நிற்கும். கட்சிக்காரர் "திவால் கேஸ் போட்டுரலாமுங்களா, பேப்பர்ல எல்லாம் வருதே" என்று கேட்டார். அந்தச் சட்டத்தில் குறைந்தபட்சக் கடன் ஒரு லட்சமாக இருந்ததை 2020 மார்ச்சில் ஒரு கோடி ஆக்கிவிட்டார்கள். ஆனால் வேறு யாராவது அந்தக் கம்பெனி மேல் திவால் நடவடிக்கை எடுத்து, நம் வழக்குக்குத் தடை விழுந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் தளத்தில் ஒன்றும் இல்லை.

கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கில் உள்ளவர் பேரை வைத்துத் தேடினால் வருஷம் வருஷமாகத் தேட வேண்டும். பேரைக் கோர்ட்டுக்குக் கோர்ட் ஒரு மாதிரி பதிந்திருப்பார்கள், 'பிரைவேட்' என்பதே நாலு விதம். அதனால் பேரின் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டேன். இதே கம்பெனி மேல் இரண்டு செக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. போட்டவர்கள் எண்ணெய் சப்ளை செய்தவர் ஒருவர், பாக்கெட் ஃபிலிம் கொடுத்தவர் ஒருவர். கட்சிக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஏப்ரல் 7 அன்று நோட்டீஸ் போனது. கம்பெனிக்குப் பதிவு அலுவலக முகவரியிலும் குடோன் முகவரியிலும், டைரக்டர்கள் இருவருக்கும், மனைவிக்கும், கையெழுத்துப் போட்டவருக்கும். டைரக்டர் என்று பேர் இருப்பதாலேயே ஒருவர் பொறுப்பாளி ஆகிவிட மாட்டார், ஆனால் செக்கில் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பாளிதான் என்பது 2005-இல் வந்த எஸ்எம்எஸ் பார்மசூட்டிகல்ஸ் தீர்ப்பு. சூப்பர்வைசரை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "நோட்டீஸ் வேற, புகார் வேறம்மா. புகார் போடும்போது யோசிக்கலாம்" என்றார் சீனியர்.

கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் வேண்டும் என்று, டிஐஆர்-12-க்குச் சான்றிட்ட நகலுக்கும் விண்ணப்பித்தேன். பக்கத்துக்கு 25 ரூபாய். நாமே இறக்கிய பிரிண்ட் என்றால் அதற்குத் தனியாக மின்னணு ஆவணச் சான்று, பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63, இணைக்க வேண்டும். பதிவாளர் சான்றிட்ட நகலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் கூப்பிட்டது பெங்களூர் மச்சினன். "மேடம், நான் அக்கா சொன்னாங்கன்னு சைன் மட்டும்தான் போட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது." நான் எதிர்த்தரப்பு வக்கீல், உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவர் யாரைப் பார்த்தாரோ, அக்காவிடம் என்ன பேசினாரோ, நோட்டீஸ் கிடைத்த பன்னிரண்டாம் நாள் 3 லட்சம் பேங்க் வழியாக ஆர்டிஜிஎஸ்ஸில் வந்தது. நோட்டீஸ் கிடைத்தவர் பணம் கட்டச் சட்டம் தரும் பதினைந்து நாள் கெடு முடிவதற்கு முன் மிச்சமும் வந்துவிட்டது.

ஃபீஸ் கணக்கு எழுதிக் கொடுத்தேன். கட்சிக்காரர் வியாபாரி அல்லவா, வரி வரியாகப் பார்த்தார். "கம்பெனி டாக்குமெண்ட் பார்த்ததுக்கு 100 ரூபாய் போட்டிருக்கீங்க. அன்னைக்கு இரண்டு தடவை கட்டினதா சொன்னீங்களேங்க?"

"இன்னொன்னு மெட்ராஸ் கம்பெனிக்குங்ண்ணா. அது என் கணக்கு" என்றேன்.