வால்வை முதலில் ஏன் அங்கே திறக்கிறீர்கள்?

எங்கள் ஊராட்சியில் குடிநீர் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெரியவர்களாகிய நாங்கள் கேட்டுவந்தது புதிய ஆழ்துளைக் கிணறு ஒன்றைத்தான். கீழத்தெருவுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது உண்மை. அதற்கு நிலத்தடி நீர் குறைந்ததே காரணம் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்பதால், 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஆயினும், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபைக்கு முன்பாக, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு இரண்டு மாலைகள் நூலகக் கட்டடத்தில் உட்கார்ந்து பேசினோம். குடம் தூக்குபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எப்போது நூலாக மெலிகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்திருந்த நோட்டை அவர்கள் விரித்தபோது, மேல்நிலைத் தொட்டி நிரம்பிய நாள்களிலும் கீழத்தெரு வறண்டே கிடந்தது தெளிவாகத் தெரிந்தது.

"மேலத்தெரு வால்வை எப்போதும் முதலில் திறப்பது ஏன்?" என்று பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். தொட்டி இயக்குபவர் உட்பட எங்கள் ஒருவரிடமும் பதில் இல்லை. நெடுநேரம் யோசித்த பிறகு மூத்தவர் ஒருவர், முன்பொரு வறட்சிக் காலத்தில் இரு தெருவினருக்கும் மூண்ட சண்டையில் ஏற்பட்ட ஏற்பாடு அது என்றார். சண்டையை மறந்துவிட்டோம், ஏற்பாட்டை மட்டும் சுமந்துகொண்டிருந்தோம். அந்தப் பகையில் பங்கில்லாத ஒருத்தியால்தான் அதைத் தயக்கமின்றிக் கேட்க முடிந்தது. எங்களில் யார் கேட்டிருந்தாலும் எந்தத் தெருக்காரர் என்பதைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.

இளையோரைச் சேர்த்துக்கொள்வது அவர்களுக்கு நாம் தரும் பயிற்சி என்றே நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். கர்நாடகத்தில் ஊராட்சிகள் நடத்தும் மக்கள கிராம சபையைப் பற்றி, அதாவது குழந்தைகளுக்கான கிராம சபையைப் பற்றிக் கேள்விப்பட்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் பயிற்சி எங்களுக்குத்தான் கிடைத்தது: ஒரு முடிவுக்கான காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தபோது, பலவற்றுக்கு எங்களிடம் காரணமே இல்லை என்பதைக் கண்டோம்.

ஒரு நாள் மேலத்தெரு, மறுநாள் கீழத்தெரு என்று வால்வு திறக்கும் முறையை மாற்றக் கிராம சபையில் ஒப்புக்கொண்டோம். ஆழ்துளைக் கிணற்றுக் கோரிக்கையை நிறுத்தி வைத்தோம். பிள்ளைகள் இப்போதும் நோட்டில் நேரம் குறித்து வருகிறார்கள். மே 1 கூட்டத்துக்கு முன்பு அந்தக் கணக்கோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே தெருவிளக்குகளைப் பற்றியும் கேட்க வேண்டுமாம்.