கால் இஞ்ச் திருகும் இருபத்தெட்டு மரையும்

டெக்சஸில் மான் வேட்டைப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். செப்டம்பர் கடைசியில் ரைஃபிளைத் துடைத்து எண்ணெய் போடலாம் என்று எடுத்தபோதுதான் அந்த விரிசலைப் பார்த்தேன். பின்பக்கம், கட்டை விரல் வந்து உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், இரும்பும் மரமும் சேரும் முனையிலிருந்து தலைமுடி போல ஒரு கோடு. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. நேற்று விழுந்த விரிசல் இல்லை.

ரைஃபிள் ஒரு ரெமிங்டன் 700. .308 தோட்டா, ஏடிஎல் வகை. 1962-இல் வந்த மாடல் இது. எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர், முட்டி ஒத்துழைக்காமல் போனபோது எனக்குக் கொடுத்தது. அதனால் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. விரிசலைப் பார்த்ததும் மனசு சங்கடப்பட்டது.

ஏன் பிளக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதிக் கதை அதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்புப் பகுதி முழுவதும் பின்னால் உதைக்கிறது. அந்த உதையை வாங்க வேண்டியது ரீகாயில் லக். குழலும், அதன் பின்னால் இருக்கும் இரும்புக் கூடான ரிசீவரும் சேரும் இடத்தில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகடு அது. ரைஃபிளின் மரக் கட்டைக்குள் இருக்கும் பள்ளத்தில் அது இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இரும்பைக் கட்டையோடு பிடித்திருக்கும் முன், பின் என்ற இரண்டு திருகுகளும் தளர்ந்தால் லக் அங்கே நிற்காது. இரும்பு ஒரு இம்மி பின்னால் நகரும். அப்போது ரிசீவரின் வால் முனைக்குப் பின்னால் இருக்கும் மரம்தான் அடி வாங்கும், ஆப்பு இறக்கியது போல நாளடைவில் பிளக்கும். என் முன் திருகு கையாலேயே கால் சுற்று திரும்பியது.

பசை போட்டு ஒட்டலாம் என்றார்கள். விரிசல் பிடி வரை ஓடியிருந்ததால் எனக்கு மனம் ஒப்பவில்லை. புது ஸ்டாக், அதாவது புதுக் கட்டையே போடுவது என்று முடிவு செய்தேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வருவது எண் பொறித்த ரிசீவர் மட்டும்தான். கட்டை சாதாரணப் பொருள் போலத் தபாலில் வீட்டுக்கே வரும். பல அடுக்கு மரத்தை ஒட்டிச் செய்த லாமினேட் ஸ்டாக் ஒன்று வாங்கினேன். திருகு போகும் இரண்டு துளைகளிலும் அலுமினியக் குழாய் பதித்திருந்தார்கள். பில்லர் என்பார்கள். திருகை எவ்வளவு முடுக்கினாலும் மரம் நசுங்காமல் அது தாங்கும்.

பெட்டியைப் பிரித்துப் பழைய இரும்பைப் புதுக் கட்டையில் வைத்துப் பார்த்தேன். மேற்பக்கம் அழகாக உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் பெரிய செவ்வகத் திறப்பு. ஏடிஎல்லில், தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் அடிப்பக்கம் மூடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மரம்தான் தெரியும், விசையைச் சுற்றியிருக்கும் வளையமான ட்ரிக்கர் கார்டு மட்டும் தனித் துண்டாக இருக்கும். வந்திருந்த ஸ்டாக் பிடிஎல் வகைக்கு வெட்டியது. அதில் அடியில் கதவு போலத் திறக்கும் தகடு உண்டு. ட்ரிக்கர் கார்டும் அந்தத் தகடும் சேர்ந்து ஒரே சட்டமாக வரும், பாட்டம் மெட்டல் என்பது அதன் பெயர். பெட்டியில் '700 ஷார்ட் ஆக்‌ஷன்' என்று, அதாவது குட்டைத் தோட்டாக்களுக்கான 700 என்று, போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். அதே '700'-க்குள் அடிப்பக்கம் மட்டும் இத்தனை வகை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் தோட்டாக்களை எடுக்க அடியில் திறக்கும் கதவு எனக்கு வசதிதான், கைப்பிடியுள்ள இரும்புத் தண்டான போல்ட்டை இழுத்து இழுத்து ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டியதில்லை. அதனால் பாட்டம் மெட்டல், மேகசின் பெட்டி, ஸ்பிரிங், தோட்டாவைத் தூக்கும் ஃபாலோயர் எல்லாம் தேடினேன். 700-இன் அமைப்பை ஒட்டிப் பல நிறுவனங்கள் பாகம் செய்கின்றன. ரெமிங்டனின் பழைய நிறுவனம் 2020-இல் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகும் உதிரிக்குப் பஞ்சமில்லாதது அதனால்தான். நான்கு நாளில் எல்லாம் வந்தது, திருகைத் தவிர. பாட்டம் மெட்டலோடு திருகு வராது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்திருக்கிறார்கள்.

பழைய திருகுகள் சேரவில்லை. ஏடிஎல் கட்டையின் கனம் வேறு, இதன் கனம் வேறு. சரி, திருகுதானே என்று ஊரில் இருக்கும் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். பழைய திருகைக் காட்டினேன். கடைக்காரர் கால் இஞ்ச் என்று பார்த்ததும் ஒரு டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். தடிமன் ஒன்று. ஆனால் திருகைச் சுற்றி ஓடும் மரைகள் ஒன்றோடொன்று பல் கோக்கவில்லை, இடையில் வெளிச்சம் தெரிந்தது. அவர் கொடுத்தது இஞ்சுக்கு 20 மரை. கேமரா ட்ரைபாடில் இருக்கும் திருகும் இதே மரைதான், எல்லா இடத்திலும் கிடைக்கும். 700-க்கு வேண்டியது இஞ்சுக்கு 28 மரை.

வீட்டில் சைக்கிளுக்கு வைத்திருந்த எம்6 திருகு ஒன்று கண்ணில் பட்டது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மரை. கண்ணுக்கு 28 மரை போலவே இருக்கும். ரிசீவரில் வைத்துத் திருப்பினால் தடையில்லாமல் ஏறுகிறது! ஆனால் ஏறிய பிறகு பக்கவாட்டில் ஆடியது. அது 6 மில்லி, கால் இஞ்ச் என்பது 6.35 மில்லி. மரையும் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஆட்டத்தைப் பொருட்படுத்தாமல் ஸ்பேனர் போட்டு முடுக்கியிருந்தால் ரிசீவரின் மரையே போயிருக்கும். திருகு போனால் சில்லறைக் காசு, ரிசீவர் போனால் ரைஃபிளே போனது.

அன்று இரவு கோயம்புத்தூருக்குப் பேசினேன். மாமா அங்கே லேத் பட்டறை வைத்திருந்தவர், பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் இருப்பேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மரை ஏறலீன்னா அழுத்தாத கண்ணு. கையிலேயே அஞ்சாறு சுத்து போகோணும், ஆடவும் கூடாது. ரெண்டும் சரியா இருந்தாத்தான் அது அதோட மரை."

"சரிங்க மாமா. நீளம் எப்படிங்க பாக்கறது?"

"நீளத்த டப்பாவுல இருக்கற நெம்பரப் பாத்து வாங்காத. நீயே அளந்து, கொஞ்சம் நீளமா வாங்கி, அறுத்துக்க."

சாவி கொடுத்தது போல அடுத்த நாள் வேலை ஓடியது. பாட்டம் மெட்டலில் திருகுத் தலை உட்காரும் இடத்திலிருந்து ரிசீவரின் அடிப்பரப்பு வரை வெர்னியரின் ஆழக் கம்பியை விட்டு அளந்தேன். அதோடு மரை பிடிக்க வேண்டிய நீளத்தைச் சேர்க்க வேண்டும். 28 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு 0.9 மில்லி முன்னேறும். ஆறு சுற்றாவது பிடிக்க வேண்டும் என்று வைத்தால் ஐந்தரை மில்லி. முன் திருகும் பின் திருகும் ஒரே நீளம் இல்லை, தனித்தனியாக அளக்க வேண்டும். என் அளவுகளை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. ஸ்டாக்கும் பாட்டம் மெட்டலும் மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும், என் எண்ணைப் பார்த்து வேறொருவர் திருகு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

தலையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். என் பாட்டம் மெட்டலில் தலை உட்காரும் படி தட்டையானது. அதற்குத் தலையின் அடியும் தட்டையாக இருக்கிற திருகுதான் வேண்டும். கூம்புத் தலைத் திருகைப் போட்டால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், முடுக்கமும் நிலைக்காது. நீளம் சொல்லும் முறையும் இரண்டுக்கும் வேறு. தட்டைத் தலைக்குத் தலைக்குக் கீழிருந்து அளப்பார்கள், கூம்புத் தலைக்குத் தலையையும் சேர்த்து. அதே எண்ணைச் சொல்லி இரண்டும் வாங்கினால் ஒன்று குட்டையாகிவிடும்.

28 மரையில் தட்டைத் தலை ஆலன் திருகு இரண்டு, தேவைக்குச் சற்று நீளமாகத் தருவித்தேன். மேகசினைக் காலி செய்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் அதையே செய்தேன்.

பின் திருகு முதல் முறையிலேயே சரியாக வந்தது. முன் திருகுதான் மூன்று நாள் வேலை வாங்கியது. கையால் முடுக்கிவிட்டு, போல்ட்டை மாட்டித் தள்ளி மூடினேன், மூடியது. முடுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முழுதாக முடுக்கினேன். இப்போது போல்ட் முன்னால் சுலபமாகப் போகிறது, கைப்பிடியைக் கீழே இறக்கினால் பாதியில் நிற்கிறது. 700-இன் போல்ட் தலையில் எதிரெதிராக இரண்டு லக், அதாவது பூட்டும் பற்கள், உண்டு. முன்னால் போகும்போது அவை இடமும் வலமுமாகப் போகும், கைப்பிடியை இறக்கும்போது சுழன்று மேலும் கீழுமாக வரும். கீழே வரும் லக்குக்கு நேர் அடியில்தான் முன் திருகின் துளை இருக்கிறது. முழுதாக முடுக்கியதில் திருகு அரைச் சுற்று கூடுதலாக ஏறி, முனை உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறது.

கைப்பிடியை அழுத்திப் பார்க்கவில்லை. திருகைக் கழற்றி முனையில் கறுப்பு மார்க்கர் பூசினேன். காய்ந்ததும் மறுபடி மாட்டி, லேசாகத் தட்டும் வரை மட்டும் கைப்பிடியை இறக்கினேன். கழற்றிப் பார்த்தால் கறுப்பு வட்டத்தின் ஒரு ஓரத்தில் பிறை போல மை அழிந்து, வெள்ளி மின்னியது. தொடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தொழிற்சாலையில் கடினமாக்கிய எஃகு என்பதால் அரம் வழுக்கியது. சாணைக்கல்லில் தேய்த்தேன், சூடேறாமல் இருக்கத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து. தேய்க்கும் முன்னால் ஒரு 28 மரை நட்டைத் திருகில் ஏற்றி வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் நட்டைக் கழற்றினால் அதுவே முனையில் நசுங்கிய மரையைச் சீர்செய்துகொண்டு வெளியே வரும், இதுவும் பட்டறையில் கற்றதுதான். ஒரு மில்லி எடுத்தேன். மை பூசி மறுபடி பார்த்தேன், இன்னும் ஊசி முனையளவு தடம். இன்னும் கொஞ்சம். மூன்றாவது முறை, முழு முடுக்கத்தில், மை கலையாமல் வந்தது. பிடிக்கும் மரை எத்தனை என்று எண்ணினேன்: ஆறு சுற்றுக்கு ஒரு இழை கூடுதல்.

அப்புறம் மேகசின் பெட்டி. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியின் உயரம் கொஞ்சம் அதிகமாக இருந்தால், திருகை முடுக்கும்போது ரிசீவருக்கும் பாட்டம் மெட்டலுக்கும் நடுவில் பெட்டி மாட்டிக்கொள்ளும். திருகு இறுகியது போலக் கைக்குத் தெரியும், ஆனால் ரிசீவர் கட்டையில் உட்காராமல் தகரப் பெட்டியின் மேல் நின்றுகொண்டிருக்கும். முழுதும் முடுக்கிய பிறகு பெட்டியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். என்னுடையது அசையவே இல்லை. மேல் விளிம்பைச் சிறிது சிறிதாக அராவினேன், கிட்டத்தட்ட ஒரு மில்லி ஆட்டம் கிடைக்கும் வரை.

கடைசி முறை கூட்டும்போது ரைஃபிளைப் பின்கட்டை தரையில் இருக்க நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். எடையாலேயே ரீகாயில் லக் பள்ளத்தின் பின்சுவரில் போய் உட்காரும். முன் திருகு கொஞ்சம், பின் திருகு கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கி, ஸ்டாக்கோடு வந்த தாளில் சொன்னபடி 65 இஞ்ச்-பவுண்டில் நிறுத்தினேன். பில்லர் இருப்பதால் அவ்வளவு தாங்கும், வெறும் மரத்துக்கு அது அதிகம். பிறகு விரல் நுனிகளைக் குழலும் மரமும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு முன் திருகைத் தளர்த்தினேன். குழல் துள்ளினால் எங்கோ வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழல் மரத்தைத் தொடவில்லை என்று உறுதிசெய்ய, ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கு அடியில் விட்டு இழுத்தேன், ரிசீவர் வரை தடையில்லாமல் போனது.

தோள்வார் மாட்டும் கொக்கிகளும் புதுக் கட்டையில் இல்லை. பின்னால் போவது மரத் திருகு, முன்னால் போவது 10-32 மரையில் நட்டோடு. பாக்கெட்டில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன். பழைய கட்டையை எரித்துவிடாதீர்கள் என்றார். எரிப்பதாக இல்லை, அது என் மேசைக்கு மேல் தொங்குகிறது.

திருகு நகர்ந்தால் தெரிவதற்காக, திருகுத் தலையிலிருந்து பாட்டம் மெட்டலுக்கு வெள்ளைப் பெயிண்டில் மெல்லிய கோடு இழுத்துவிட்டு, அக்டோபர் மூன்றாவது வாரம் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். கட்டை மாறினால் குறியும் மாறும், எதிர்பார்த்ததுதான். 100 கஜத்தில் முதல் மூன்றும் பழைய இடத்திலிருந்து இடப்பக்கம் கீழே விழுந்தன, ஆனால் மூன்றும் ஒன்றாக. ஸ்கோப்பைத் திருத்திக்கொண்டு இருபது தோட்டா சுட்டேன். குழல் ஆறும் வரை காத்திருந்து, ரைஃபிளைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். இரண்டு வெள்ளைக் கோடுகளும் உடையாமல் நேராக இருந்தன.