முதல் எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு

முதல் எக்ஸ்ரேயில் என் மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை. மழை விட்ட சாயங்காலம், வேளச்சேரி விஜயநகர் பக்கம் வண்டி வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்திருந்தேன். வீக்கம் கொஞ்சம்தான், விரலெல்லாம் அசைந்தது, பார்த்தவர்கள் எல்லோரும் சுளுக்கு என்றார்கள். ஆனால் ஆர்த்தோ டாக்டர் படத்தோடு விடவில்லை. கட்டைவிரலை நன்றாக விரிக்கச் சொன்னார், அப்போது அதன் அடியில் ஒரு சின்னக் குழி விழும் இல்லையா, அங்கே அழுத்தினார், உயிர் போய்விட்டது.

"ஸ்காஃபாய்டு எலும்பா இருக்கலாம், இன்னைக்குத் தெரியலைன்னா முறியலைன்னு அர்த்தமில்லை" என்று சொல்லி கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டு போட்டுவிட்டு, 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வரச் சொன்னார். உடனே தெரியணும் என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமாம். நான் காத்திருந்தேன்.

மணிக்கட்டில் இருக்கும் 8 சின்ன எலும்புகளில் இந்த ஸ்காஃபாய்டும் ஒன்று, முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்திருக்கும். சங்கடம் இதற்கு ரத்தம் வரும் வழியில்தான். பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து முன்கையை நோக்கித் திரும்பி வருவதால், நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கம் இருக்கும் பாதிக்கு ரத்தம் குறைந்துவிடும். சுளுக்கு என்று விட்டுவைத்தால் ஒட்டாமலே போகலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம், வருடங்கள் கழித்து மூட்டு தேயும்.

வீட்டில் கதை வேறு. பெரியம்மாவுக்குப் புத்தூர் கட்டுதான், மாமியாருக்கு எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போதும். முறிந்திருக்கலாம் என்று சந்தேகம் இருக்கும் கையை யாரும் பிடித்து இழுக்க வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன் (பெரியம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்).

இரண்டாவது படத்தில் மெல்லிய கோடு விழுந்திருந்தது. எலும்பு விலகவில்லை, அதனால் ஸ்க்ரூ போடும் ஆபரேஷன் வேண்டாம், ஆனால் கட்டு 8 முதல் 12 வாரம் வரை இருக்கலாம் என்றார். சென்னை வேர்வையில் உள்ளே அரிக்கும் பாருங்கள், ஸ்கேலை விட்டுச் சொறியலாமா என்று கை பரபரக்கும். தோல் கிழிந்து சீழ் பிடிக்கும், வேண்டவே வேண்டாம். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதினால் கொஞ்சம் நிம்மதி. குளிக்கும்போது பிளாஸ்டிக் கவர். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டணும். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, ராத்திரியானாலும் ஓடணும்.

சி.டி. ஸ்கேனில் ஒட்டிவிட்டது என்று உறுதியான பிறகுதான் கட்டைப் பிரித்தார்கள். கை ஒல்லியாகி மரக்கட்டையாக இருந்தது. அப்புறம் பிசியோதெரபி. வண்டி ஓட்டுகிறேன், தோசை திருப்புகிறேன், தண்ணீர் கேனை மட்டும் இன்னும் கடைப் பையன்தான் கவிழ்த்துவிட்டுப் போகிறான்.